அரைப்பேர் வாங்கிய சைக்கிள்

சமுகமளித்தோர்:

தலைவர், திரு. இராமையா. மீரியகந்தத் தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை இன்னும் ஏற்றுக்கொள்ளாதவர்.

செயலாளர், திரு. அஜந்தன். தோட்டத்தில் கழுத்துப்பட்டி கட்டும் ஒரே ஆள்.

தொழில்நுட்ப ஆலோசகர், ஜனாப் புவாட். அரநாயக்க வீதியில் லொறி கராஜ் வைத்திருப்பவர். சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆகவே எந்தச் சைக்கிளின் பக்கமும் சாயமாட்டார் என்று ஏகமனதாகத் தெரிவானவர்.

மகளிர் பிரதிநிதி, திருமதி பரிமளம். மாதர் சங்கத் தலைவி. தேநீருக்கும் அவரே பொறுப்பு.

பயனாளி, செல்வி கேஷானி.

துவிச்சக்கர வண்டிகள், இரண்டு.

சமுகமளிக்காதோர்: பொருளாளர் றிஸாத். தெரிவான மாதமே கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். மன்னிப்புக் கோரியிருந்தார். எல்லாக் கூட்டத்துக்கும் கோருவார். சபையும் ஒவ்வொரு முறையும் மன்னித்துவிடும்.

மீரியகந்தத் தோட்டத் துவிச்சக்கர வண்டி மேம்பாட்டுச் சபை ஒரு சைக்கிளை நேருக்கு நேர் பார்த்த முதல் கூட்டம் அது. அதற்கு முன்பும் கூட்டங்கள் நடந்திருந்தன. சபைக்குப் பெயர் வைக்க ஒரு கூட்டம். பெயர்ப்பலகைக்கு நிறம் தெரிவுசெய்ய ஒரு கூட்டம். அந்த நிறம் வெயிலில் வெளிறியதைக் கண்டிக்க ஒரு கூட்டம். இப்படி ஒரு சபை சுறுசுறுப்பாக இயங்குவதைக் கேள்விப்பட்ட வெளிநாட்டு அமைப்பொன்று, புதிதாக ஓட வரும் ஒருவருக்குத் தரமான ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று நிதி அனுப்பிவிட்டது. சபை இதை எதிர்பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு பயனாளியைத் தேட வேண்டியதாயிற்று.

கேஷானி ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். கையுறைக்குள் காற்றை ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. வீங்கிய கைகள் வரிசையாக வந்து நாள் முழுவதும் அவளுக்கு டாட்டா காட்டும். அவள்தான் எங்கேயும் போகமாட்டாள். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்கு, பேக்கரிப் பாண் விற்கும் ஜஸீலின் சைக்கிளை இரவல் வாங்கி, பாண் பெட்டியைக் கழற்றிவிட்டு ஓடினாள். பெண்களின் சைக்கிள் ஓட்டத்தை ஆண்கள் புறப்பட்டுப் போன பிறகுதான் ஆரம்பித்து வைத்தார்கள். அவள் பெண்களை முந்தியதோடு நிற்கவில்லை. முன்னால் போன ஆண்களிலும் பாதிப் பேரை முந்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஆண்களுக்கான மூன்றாம் பரிசை யார் கையில் கொடுப்பது என்று மேடையில் குழப்பம் உண்டானது. அந்தக் குழப்பத்தில்தான் சபையின் கண்ணில் பட்டாள்.

மாகாணச் சைக்கிள் அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை கேகாலையில் நடக்க இருந்தது. தெரிவானால் இரத்தினபுரியில் விடுதி, சாப்பாடு, பயிற்சி, மாதக் கொடுப்பனவு. தெரிவாகாவிட்டால் கையுறை. சொந்தமோ இரவலோ, ரேஸ் சைக்கிளோடுதான் வந்து நிற்க வேண்டும் என்று அறிவித்தலில் இருந்தது. வயதெல்லையும் இருந்தது. அவளுக்கு இதுவே கடைசி வருடம். இதை அவள் கூட்டத்தின் ஆரம்பத்திலேயே எழுந்து சொன்னாள். தலைவர் கவனமாகக் கேட்டார். பிறகு, வரவேற்புரைக்கு முன்னால் பயனாளி பேசுவது ஒழுங்கல்ல என்று உட்கார வைத்தார்.

இரண்டு சைக்கிள்களையும் மாவனெல்லையிலிருந்து நூரியா கொண்டுவந்திருந்தார். ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே கண்டெய்னரில் வந்திறங்கும் சைக்கிள்களைத் துடைத்து விற்கும் பெண்மணி. ரேஸ் சைக்கிள் ஒன்றுதான் கொண்டுவருவதாக இருந்தார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தெரிவுசெய்ய முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும் என்று செயலாளர் தொலைபேசியில் சட்டம் பேசியதால், கடை வாசலில் நின்ற மூட்டை ஏற்றும் சைக்கிளையும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கம்பி பிரேக், பின்னால் மூட்டை வைக்கும் அகலமான கெரியர், இரண்டு கால் ஸ்டேண்ட். மணி மட்டும் சிறு கோயில் மணி அளவு இருந்தது.

நூரியா கூட்டம் தொடங்கும்வரை காத்திருக்கவில்லை. வாசலில் வைத்தே கேஷானியை ரேஸ் சைக்கிளின் மேல் கால்களை அகட்டி நிற்கச் சொன்னார். சைக்கிளின் சட்டத்துக்கும் உடம்புக்கும் இடையில் கை நுழைகிறதா என்று பார்த்தார். சீட்டை ஒரு பிடி ஏற்றி முறுக்கினார். கைப்பிடியைப் பிடித்தபோது அவளுடைய முழங்கை விறைக்காமல் இலேசாக மடிந்திருந்ததில் திருப்திப்பட்டார்.

"இது ஒன்ட அளவு மகள். பாரமும் இல்ல. மத்தது சும்மா தொணைக்கு வந்தது, அத பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

சபை அதைத்தான் பார்த்தது.

முதலில் ரேஸ் சைக்கிள் பரிசீலனைக்கு எடுக்கப்பட்டது. கைப்பிடி ஆட்டுக் கொம்பு மாதிரிக் கீழ்நோக்கி வளைந்திருப்பதைத் தலைவர் கண்டுபிடித்தார். எங்கேயோ மோதிய வண்டி என்றார். அதைச் செய்ததே அப்படித்தான் என்று கேஷானி சொன்னாள். மோதிய வண்டி விற்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் தலைவர். கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடித்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அவள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவள் குனிந்து ஓட்டியது தலைவரின் மனத்தை மிகவும் பாதித்தது.

"இப்படித் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போனா, எதிர்ல வர்ற பெரிய மனுசங்களுக்கு எப்படி வணக்கம் சொல்றது?"

வணக்கம் சொல்ல வசதி இல்லை என்று அஜந்தன் எழுதிக்கொண்டார். அதன் கீழே ஸ்டேண்ட் இல்லை, மட்கார்ட் இல்லை, மணி இல்லை, கெரியர் இல்லை என்றும் எழுதினார். ஸ்டேண்ட் இல்லாத சைக்கிளை விழா மேடையில் எப்படி நிறுத்துவது என்று ஒரு கேள்வி எழுந்தது. யாராவது பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்றார் பரிமளம். அப்படியானால் புகைப்படத்தில் அந்த ஆளும் விழுவாரே என்றார் அஜந்தன். எல்லோரும் சிறிது நேரம் கவலையோடு இருந்தார்கள்.

கியர்களைப் பற்றிக் கருத்துக் கூறுமாறு தொழில்நுட்ப ஆலோசகரைக் கேட்டார்கள். புவாட் குந்தியிருந்து சங்கிலியை விரலால் சுண்டிப் பார்த்தார். கியர் என்பது இயந்திரத்தின் வலிமையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது. இதில் இயந்திரம் இல்லை. இல்லாத இயந்திரத்துக்கு இத்தனை கியர் வைத்திருப்பது சந்தேகத்துக்குரியது என்று அவர் அபிப்பிராயப்பட்டார். சபை அவருக்கு நன்றி தெரிவித்தது.

எல்லாவற்றையும் விட டயர்தான் நிலைமையைக் கெடுத்தது. தலைவர் டயரைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தார். விரல்கள் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டன. அவர் முகம் சிவந்தது. எழுந்து நின்றார். சால்வையைச் சரிசெய்தார்.

"இது ரப்பர் வெளைஞ்ச மண்ணு. எங்க தாத்தா பால் வெட்டுனாரு. எங்க அப்பா பால் வெட்டுனாரு. நான் வெட்டல. வெட்டுனவங்க பேர எழுதுனேன். அப்பேர்ப்பட்ட மண்ணுல, வெரல் தண்டிக்கு ஒரு டயரக் கொண்டாந்து நிறுத்துறாங்க. இதப் பாத்தா ரப்பர் மரம் என்ன நெனைக்கும்?"

ரப்பர் மரத்தின் மனவருத்தம் கூட்டறிக்கையில் சேர்க்கப்பட்டது.

அதன் பிறகு நிறை பார்ப்பதற்காகக் கூட்டம் தராசுக் கொட்டகைக்கு இடம்பெயர்ந்தது. தோட்டத்தில் ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று அறிய வேறு வழி கிடையாது. கொழுந்தும் ரப்பர் பாலும் அந்தத் தராசில்தான் ஏறி இறங்கும். கிலோ கூடினால் முழுப்பேர், முழுநாள் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம். பல தலைமுறையாக மீரியகந்தத் தோட்டத்தில் மனிதர்களின் நல்ல குணம் கெட்ட குணம் எல்லாம் இப்படித்தான் தீர்மானிக்கப்பட்டு வந்தன. சைக்கிளுக்கு மட்டும் புதுச் சட்டம் எழுத முடியாது என்று தலைவர் சொன்னார்.

ரேஸ் சைக்கிளைக் கொக்கியில் தொங்கவிட்டார்கள். ஒன்பது கிலோ காட்டியது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. தலைவர் அதிலிருந்து இரண்டு கிலோவைக் கழித்து ஏழு என்று எழுதச் சொன்னார். ஒரு கிலோ கூடைக் கழிவு, ஒரு கிலோ ஈரக் கழிவு. அஜந்தனின் பேனா நின்றது. காய்ந்த சைக்கிளுக்கும் ஈரக் கழிவு உண்டா என்று மரியாதையாகக் கேட்டார்.

"கழிவு ஈரத்துக்காகப் போடுறதில்ல தம்பி. பழக்கத்துக்காகப் போடுறது."

மூட்டைச் சைக்கிளை ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். முள் எழும்பி இருபத்திரண்டில் போய் நின்றது. அதற்குக் கழிவு போட மறந்துவிட்டார்கள். தலைவர் கிட்டப் போய் முள்ளை இன்னொரு தடவை பார்த்தார். அவருடைய சேவைக் காலத்தில் ஒரே கொக்கியில் இப்படி ஒரு நிறையைப் பார்த்ததில்லை என்று பிறகு தேநீர் குடிக்கும்போது சொன்னார்.

கேஷானிக்கு எங்கேயோ ஏதோ தலைகீழாகப் போகிறது என்று தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. அவளும் அந்தத் தராசைப் பார்த்து வளர்ந்தவள். அதன் முன்னால் நின்றால் பாரம் கூடட்டும் என்றுதான் அவள் வாயும் தானாக முணுமுணுக்கும். இருந்தாலும் கேட்டாள்.

"ஐயா, அத மெதிச்சு நான்தான் மலையேத்தணும். பாரம் கொறைஞ்சா லேசுதானுங்களே?"

"புள்ள, இந்தத் தராசுக்கு முன்னால நின்னு கொறைஞ்சா நல்லதுன்னு சொன்ன மொத ஆளு நீதான். வெளிய சொல்லிராத. உங்கம்மா இன்னும் வேலைக்கு வர்றாங்க."

ரேஸ் சைக்கிளுக்கு அரைப்பேர் போடப்பட்டது. மூட்டைச் சைக்கிளுக்கு முழுப்பேரும், மேலதிகக் கிலோவுக்குப் பாராட்டும்.

அடுத்த கூட்டம் அளவைப் பற்றியது. ஓட்டுகிறவரின் கால் நீளத்துக்குத் தக்கபடிதான் சைக்கிளின் சட்டம் இருக்க வேண்டும் என்று நூரியா சொல்லிவிட்டுப் போனதைக் கேஷானி நினைவூட்டினாள். கால் நீளத்தை எங்கிருந்து எங்கே அளப்பது என்று அஜந்தன் கேட்டார். அவள் சொன்னாள். புவாட் எழுந்து சுவரிலிருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினார். ஒரு கன்னிப் பெண்ணை அப்படி அளப்பது சபையின் யாப்பு விதிகளில் இல்லை என்று தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

தான் அளந்துகொள்வதாகப் பரிமளம் முன்வந்தார். ஆனால் அதற்குள் தலைவருக்கு ஒரு சிந்தனை உதித்துவிட்டது. சைக்கிள் பொதுச் சொத்து. பொதுச் சொத்தை ஒரு தனிநபரின் காலுக்கு ஏற்ப வாங்குவது ஊழல். ஆகவே சபை அங்கத்தவர்கள் எல்லோருடைய உயரத்தையும் கூட்டிச் சராசரி எடுத்து, அதற்குப் பொருந்தும் சைக்கிளை வாங்குவதே நீதி. அஜந்தன் முன்மொழிந்தார். புவாட் காலண்டரிலிருந்து திரும்பாமலே வழிமொழிந்தார்.

சுவரோரம் ஒவ்வொருவராக நின்றார்கள். தலைவர் தொப்பியோடு நின்றார். பொருளாளரை விட்டுவிட்டு எடுக்கும் சராசரி செல்லாது என்பதால் கட்டாருக்கு வாட்ஸ்அப்பில் கேட்கப்பட்டது. அங்கே பாதுகாப்புச் சப்பாத்தோடும் தலைக்கவசத்தோடும் நிற்கும் தன் படத்தை றிஸாத் அனுப்பி, பின்னால் இருக்கும் கதவைப் பார்த்துக் கணித்துக்கொள்ளுமாறு எழுதியிருந்தார். கதவின் உயரம் தெரியாததால் அதையும் ஓர் அங்கத்தவராகச் சேர்த்துக்கொண்டார்கள். சராசரி, கேஷானியை விட ஒரு முழம் உயரமாக வந்தது. மூட்டைச் சைக்கிளுக்குத்தான் அது பொருந்தியது. பயனாளி ஏறிப் பார்க்கட்டும் என்றார்கள். சீட்டில் உட்கார்ந்தால் அவள் கால் பெடலுக்கு எட்டவில்லை. இளம் பிள்ளைதானே, பழகப் பழக எட்டும் என்றார் தலைவர்.

கடைசியாகத் தொழில்நுட்பப் பரிசோதனை. புவாட்டுக்கு ஓட்டத் தெரியாது என்பது தடையாக இருக்கவில்லை. மூட்டைச் சைக்கிளைத் தன் லொறியின் பின்னால் கயிற்றால் கட்டி, கராஜ் பையன் ஒருவனைக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வைத்து, அரநாயக்க ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து சபைக்கு வாய்மொழி அறிக்கை சமர்ப்பித்தார்.

"ஏத்தத்துல நல்ல இழுவ ஈக்குது. எங்கட லொறி எந்த வேகத்துல ஏறிச்சோ, அதே வேகத்துல இதும் ஏறிச்சு. ஒரு அங்குலம் பிந்தல்ல."

கைதட்டினார்கள். கேஷானியும் தட்டினாள். தட்டிய பிறகுதான் ஏன் தட்டினோம் என்று யோசித்தாள்.

மூட்டைச் சைக்கிள் தரமான ரேஸ் சைக்கிளாகத் தெரிவுசெய்யப்பட்டது. சட்டத்தின் முக்கோண இடைவெளியில் தகரப் பலகை ஒன்று பொருத்தி, அதில் சபையினரின் பெயர்களைப் பதவி வரிசைப்படி எழுதுவிப்பது என்றும் தீர்மானமாயிற்று. பிரதம அதிதி யார் என்று முடிவாகாததால் மேல்வரி வெறுமையாக விடப்பட்டது. பலகையோடு நிறை இருபத்து நான்காயிற்று. தலைவர் மகிழ்ச்சி அடைந்தார்.

பிரதம அதிதிக்கு ஓய்வு கிடைத்த நாள், தெரிவு ஓட்டம் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு. கையளிப்பு விழாவும் அன்றுதான். கேஷானி அழவில்லை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தச் சைக்கிளில் ஓடினாலும் கடைசியாகத்தான் வருவாள் என்று தெரிந்திருந்தது. ஆனால் கடைசியாக வருவதற்கும் ஒரு சைக்கிள் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைத் தரமுடியுமா என்று தலைவரின் வீட்டுக்குப் போய்க் கேட்டாள்.

"கையளிக்காத சைக்கிள எப்படி ஓட்டுவ? தாலி கட்ட முந்தியே குடும்பம் நடத்துற மாதிரி இருக்குமே."

அப்படியானால் நூரியா அக்காவின் ரேஸ் சைக்கிளையாவது தாருங்கள், அதைத்தான் சபை வாங்கவில்லையே என்றாள். அதை இனி அசைக்கவே முடியாது என்றார் தலைவர். தெரிவாகாத பொருள் இருந்தால்தான் தெரிவான பொருள் தெரிவானது என்று நிரூபிக்கலாம். கணக்காய்வு முடியும்வரை அது சபை அறையில் ஒப்பீட்டு மாதிரியாக நிற்கும். முன்சக்கரத்தைச் சட்டத்தோடு நூலால் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து முத்திரையும் குத்தியாயிற்று.

அவள் மாவனெல்லைக்குத் தொலைபேசி எடுத்தாள். நூரியா நிதானமாகக் கேட்டுவிட்டு, சபையின் முன்னோர்களைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொன்னார். பிறகு சொன்னார்:

"அது என்ட சைக்கிள். நான் ஒனக்குத் தாறன். எப்படியாச்சும் வெளிய எடுத்துக்கோ. ஓடிட்டுக் கடையில கொண்டந்து வை. வெளங்கினா?"

எப்படி வெளியே எடுப்பது என்பதுதான் கேஷானிக்கு விளங்கவில்லை. சனிக்கிழமை மாலை பரிமளத்திடம் போய்ச் சொன்னாள். பரிமளம் அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டே கேட்டார். சபையிடம் ஒரு காரியத்தைக் கேட்டு வாங்க முடியாது, சபையாகச் செய்தால்தான் உண்டு என்றார். நாளைக்குக் காலையிலேயே வந்துவிடு, ஓடுகிற உடுப்போடு வா என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவசரக் கூட்டம் கூடியிருந்தது. முந்தின இரவு தலைவரின் வீட்டுக் கதவிடுக்கில் கையெழுத்தில்லாத பெட்டிசன் ஒன்று கிடந்ததாம். பெட்டிசன் என்றால் தலைவருக்கு உயிர். சேவைக் காலத்தில் அவர் மேல் வந்தவை ஒரு சாக்கு நிறைய இருந்தன. ஓய்வுக்குப் பிறகு ஒன்றும் வராமல் மனிதர் வாடிப்போயிருந்தார். அன்று காலை சால்வையைப் புதிதாக மடித்துப் போட்டிருந்தார்.

சபை அறை என்பது முன்பு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட அறை. தடித்த சுவர். ஜன்னல் இல்லை, கூரையோரம் இரண்டு புகைத்துவாரம் மட்டும். ஒரே கதவு, வெளியே கொண்டி. கேஷானி போய் ஓரமாக நின்றாள். கேகாலையில் ஒன்பதரைக்கு ஓட்டம்.

அஜந்தன் பெட்டிசனைச் சத்தமாக வாசித்தார். சபையில் இரகசியம் காக்கப்படுவதில்லை. பயனாளி கூட்டத்துக்குள்ளேயே நிற்கிறார். தோற்ற சைக்கிளும் உள்ளேயே நின்று அங்கத்தவர்களின் மனத்தைக் கலைக்கிறது. கதவு திறந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட சபையைப் பிரதம அதிதி எப்படி மதிப்பார்? இதுதான் சாரம்.

தலைவர் உணர்ச்சிவசப்பட்டார். எழுதியவன் யாராக இருந்தாலும் சட்டம் தெரிந்தவன் என்றார். பரிமளம் மிக்சர் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை.

தீர்மானங்கள் விரைவாக நிறைவேறின. முதலாவது, கூட்டம் நடக்கையில் பயனாளி வெளியே இருக்க வேண்டும். இரண்டாவது, ஒப்பீட்டு மாதிரியும் வெளியே இருக்க வேண்டும். சைக்கிளை உருட்ட வேண்டுமானால் முத்திரையை உடைக்க வேண்டுமே என்று புவாட் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். விழாவில் ரிப்பன் வெட்ட வாங்கிய கத்தரிக்கோல் இருந்தது. தலைவரே எழுந்து வந்து நூலை வெட்டினார். பழக்கத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

மாதிரியை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று அஜந்தன் கேட்டார். கூட்டறிக்கையில் குறிப்பிட வேண்டுமே.

"கண்ணுக்குத் தெரியக் கூடாது. எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லதுன்னு எழுதுங்க."

எழுதினார். அதைக் கேஷானியிடம் இரண்டு தடவை வாசித்தும் காட்டினார். மூன்றாவது தீர்மானம், கூட்டம் முடியும்வரை கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருக்க வேண்டும், யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது. உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் வாக்குரிமை உள்ளவர்கள். வெளியிலிருந்து பூட்டுவதற்கு வாக்கில்லாத ஒருவர் தேவைப்பட்டார். தலைவர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"புள்ள, நீயே பூட்டிரு. சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்."

"எப்பங்க ஐயா தொறக்கணும்?"

"நன்றியுரை முடிஞ்சதும் கூப்புடுவோம். அதுக்கு முந்தி யாரு கூப்பிட்டாலும் தொறக்கக் கூடாது. நானே கூப்பிட்டாலும்."

நன்றியுரை யாருடையது என்று அஜந்தன் கேட்டார். பொருளாளருடையது, கட்டாரில் அவர் வேலை முடிந்து வந்து வாட்ஸ்அப்பில் நிகழ்த்துவார் என்று தலைவர் சொன்னார். அதற்கு முன்னால் பெட்டிசனுக்குப் பதில் எழுத வேண்டும். பதிலைச் சிங்களத்திலும் எழுத வேண்டும். பரிமளம் மிக்சர் தட்டைத் தலைவரின் பக்கம் நகர்த்திவிட்டு, கேஷானியைப் பார்த்தார்.

"அவசரமில்ல புள்ள. மத்தியானத்துக்கும் சேத்துத்தான் கொண்டாந்திருக்கேன்."

கேஷானி சைக்கிளை வெளியே உருட்டினாள். அது சத்தமே போடவில்லை. படியில் இறக்கும்போது ஒரு கையால் தூக்கினாள், ஏழு கிலோவோ ஒன்பது கிலோவோ. உள்ளே தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அனைவரையும் வருக வருக என வரவேற்கத் தொடங்கியிருந்தார்.

அவள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். கொண்டியைப் போட்டு, பூட்டை மாட்டி அழுத்தினாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை இழுத்தும் பார்த்தாள்.